பழைய காம்பட் பேக்கேஜுக்கு ஓய்வு கொடுக்கும் முறை

லினக்ஸ் டிஸ்ட்ரோவில் முக்கிய லைப்ரரி ஒன்று பெரிய பதிப்புக்குத் தாவும்போது, பழைய பதிப்பைக் 'காம்பட் பேக்கேஜ்' என்ற தனிப் பேக்கேஜாக ஓரத்தில் வைத்துக்கொள்வது வழக்கம். ஃபெடோரா 36-ல் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க லைப்ரரியின் 3.0 பதிப்பு வந்து உட்கார்ந்தபோது 1.1 பதிப்பு இப்படித்தான் ஒதுங்கியது. புதியதற்கு உடனே மாற முடியாத நிரல்களுக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுப்பதுதான் காம்பட் பேக்கேஜின் வேலை. அவகாசம் முடிந்தும் அது அங்கேயே கிடந்தால்தான் தலைவலி. ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.2-க்கான பொது ஆதரவு 2019 முடிவோடு போயிற்று; 1.1.1-க்கு 2023 செப்டம்பர் 11-ல் நின்றது. அதற்குப் பிறகு வெளிவரும் ஒவ்வொரு பாதுகாப்பு ஓட்டைக்கும் ஒட்டுப்போட வேண்டியவர், அந்தப் பேக்கேஜைத் தன் பெயரில் வைத்திருக்கும் பராமரிப்பாளர்தான்.

ஓய்வு கொடுப்பது என்றால் ரெப்போவிலிருந்து (டிஸ்ட்ரோவின் பேக்கேஜ் களஞ்சியம்) அழிப்பது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அழிப்பது ஐந்து நிமிட வேலை. அதற்கு முன்னால் யாரெல்லாம் அதை நம்பியிருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதற்கும், பின்னால் ஏற்கெனவே நிறுவப்பட்ட கணினிகளிலிருந்து அது சிக்கலில்லாமல் வெளியேறுவதற்கும்தான் மாதக்கணக்கு ஆகும். இங்கே ஃபெடோரா முறையை முதன்மையாக வைத்து, டெபியனும் ஃப்ரீபிஎஸ்டியும் வேறுபடும் இடங்களை மட்டும் சொல்கிறோம்.

யார் சார்ந்திருக்கிறார்கள்

ஃபெடோரா பயன்படுத்தும் ஆர்பிஎம் பேக்கேஜ் உலகில் ஒரு நிரல் லைப்ரரியோடு இணைக்கப்பட்டிருந்தால், அந்தச் சார்பு பேக்கேஜ் பெயரில் பதிவாவதில்லை. லைப்ரரி கோப்புக்குள் பதிப்பு எண்ணோடு எழுதப்பட்டிருக்கும் பெயரான எஸ்ஓ-நேமில்தான் பதிவாகும். ஆகவே பேக்கேஜ் மேலாளரின் 'டிஎன்எஃப் ரெப்போகுவெரி' கட்டளையை 'வாட்ரிக்வயர்ஸ்' விருப்பத்தோடு ஓட்டும்போது பேக்கேஜ் பெயரைக் கொடுத்துப் பார்த்ததோடு நிறுத்தாமல், எஸ்ஓ-நேமைக் கொடுத்தும் ஒருமுறை கேளுங்கள். இங்கே ஒரு சின்னக் கண்ணி இருக்கிறது. 64 பிட் லைப்ரரிக்கு, 'லிப்கிரிப்டோ.எஸ்ஓ.1.1' என்பதற்குப் பின்னால் வெற்று அடைப்புக்குறி ஒரு ஜோடியும், அதையடுத்து '(64பிட்)' என்பதும் ஒட்டிவர வேண்டும். வால் இல்லாமல் வெறும் பெயரைக் கொடுத்தால் 32 பிட் பேக்கேஜ்களை மட்டும் தேடும். பட்டியல் காலியாக வரும். 'ஆஹா, யாருமே இல்லை' என்று ஏமாந்துபோவீர்கள். அடைப்புக்குறி இருப்பதால் முழுப் பெயரையும் ஒற்றை மேற்கோளுக்குள் வைக்காவிட்டால் ஷெல்லும் சண்டைக்கு வரும்.

சிம்பல்களுக்கு, அதாவது தான் தரும் செயற்கூறுகளின் பெயர்களுக்கு, பதிப்புப் பெயர் ஒட்டும் லைப்ரரி என்றால், அந்த வெற்று அடைப்புக்குறிக்குள் சிம்பல் பதிப்பின் பெயர் உட்கார்ந்திருக்கும் வடிவங்களும் உண்டு. காம்பட் பேக்கேஜ் தருவதாகச் சொல்லும் எல்லாவற்றையும் 'ப்ரொவைட்ஸ்' விருப்பத்தால் வரிசையாக எடுத்து, ஒவ்வொன்றையும் திருப்பிக் கேட்பதே நம்பகமான வழி. 'ரெகமெண்ட்ஸ்', 'சப்ளிமெண்ட்ஸ்' போன்ற மெல்லிய சார்புகளையும் தனியே கேளுங்கள். அவை எதையும் உடைக்காது. ஆனால் பேக்கேஜ் போன பிறகு செத்த வரிகளாக ஸ்பெக் கோப்பில் (பேக்கேஜை பில்ட் செய்யும் செய்முறைக் கோப்பு) கிடக்கும்.

அடுத்தது பில்ட் நேரச் சார்பு. இது பைனரி ரெப்போவில் தெரியாது. சோர்ஸ் ரெப்போவைத் திறந்துவைத்து, டெவல் துணைப் பேக்கேஜின் (பில்ட் செய்யத் தேவையான ஹெடர் கோப்புகள் உள்ளது) பெயரையும், பில்ட் கருவிகள் லைப்ரரியைக் கண்டுபிடிக்க அது தரும் பிகேஜி-கான்ஃபிக் பெயரையும் தேட வேண்டும். பலர் ஸ்பெக் கோப்பில் பேக்கேஜ் பெயரை எழுதாமல் பிகேஜி-கான்ஃபிக் பெயரைத்தான் எழுதுகிறார்கள். டெபியனில் இதே வேலைக்கு டெவ்ஸ்கிரிப்ட்ஸ் பேக்கேஜில் உள்ள 'பில்ட்-ஆர்டெப்ஸ்' இருக்கிறது. பைனரிச் சார்புக்கு 'ஆப்ட்-கேஷ் ஆர்டிபெண்ட்ஸ்'.

இவ்வளவும் பார்த்த பிறகும் பிடிபடாத ஒரு கூட்டம் உண்டு. 'டிஎல்ஓப்பன்' மூலம் ஓடும்போது லைப்ரரியைத் திறக்கும் நிரல்கள், பைத்தானின் சிடைப்ஸ் வழியாகப் பெயரைச் சரமாகக் கொடுத்து ஏற்றும் ஸ்கிரிப்டுகள். இவற்றுக்கு எந்த மெட்டாடேட்டாவிலும் தடயம் இருக்காது. மூலநிரல்களுக்குள் எஸ்ஓ-நேமைச் சரமாகத் தேடுவது ஒன்றே வழி. டெபியன் தன் முழு மூலக் களஞ்சியத்துக்கும் கோட்சர்ச் என்ற தேடுபொறி வைத்திருக்கிறது. வேறு டிஸ்ட்ரோவில் வேலை செய்தாலும் அதில் ஒருமுறை தேடிப்பார்ப்பது நல்லது, ஏனென்றால் நிரல்கள் பெரும்பாலும் ஒன்றேதான். ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் சோதிக்க வேண்டுமா? 'ப்ராக்' அடைவில் ஒவ்வொரு செயலாக்கத்துக்கும் உள்ள 'மேப்ஸ்' கோப்பில் லைப்ரரியின் பெயரைத் தேடுங்கள். இந்த நிமிடம் அதை நினைவகத்தில் வைத்திருப்பவர் யார் என்று தெரிந்துவிடும்.

'எல்டிடி' கட்டளையை இதற்கு நம்ப வேண்டாம். அது நேரடிச் சார்பையும் சார்பின் சார்பையும் கலந்து காட்டும். போதாததற்கு, நம்பகமில்லாத பைனரியைக் கொடுத்தால் அதை இயக்கிவிடும் ஆபத்தும் உண்டு. 'ரீட்எல்ஃப்' கட்டளையில் 'டி' விருப்பம் கொடுத்து 'நீடட்' வரிகளை மட்டும் படியுங்கள். அவைதான் நேரடிச் சார்புகள்.

முதலில் மூட வேண்டிய கதவு

பட்டியல் கையில் வந்ததும் ரன்டைம் லைப்ரரியில் கைவைக்காதீர்கள். முதலில் போக வேண்டியது டெவல் துணைப் பேக்கேஜ். ஹெடர் கோப்புகள் இருக்கிறவரை புதிதாக யாராவது வந்து ஒட்டிக்கொண்டே இருப்பார்கள். நீங்கள் மூன்று பேரைக் கழற்றிவிடுவதற்குள் நான்காவது ஆள் சேர்ந்திருப்பார். டெவலை நிறுத்தினால் ஏற்கெனவே பில்ட் ஆன பைனரிகள் அப்படியே ஓடும், புதிய பைனரி மட்டும் வராது.

அதற்கும் முன்னால் ஒரு மென்மையான படி இருக்கிறது. ஃபெடோராவில் ஸ்பெக் கோப்பில் 'ப்ரொவைட்ஸ்: டெப்ரிகேட்டட்()' என்ற ஒரு வரி சேர்த்தால், அந்தப் பேக்கேஜைச் சார்ந்து புதிய பேக்கேஜ் எதுவும் ரெப்போவுக்குள் வரக்கூடாது என்று விதி. ஏற்கெனவே இருப்பவர்களுக்கு இதனால் எந்தத் தொந்தரவும் இல்லை. ஒரு வெளியீட்டுக் காலம், அதாவது சுமார் 6 மாதம், இந்த நிலையில் விட்டுவைப்பது நியாயமான அவகாசம். ஃப்ரீபிஎஸ்டியில் போர்ட்டின் (பேக்கேஜை பில்ட் செய்யும் அடைவு) மேக்ஃபைலில் 'டெப்ரிகேட்டட்' என்ற மாறியில் காரணத்தையும் 'எக்ஸ்பிரேஷன்_டேட்' என்ற மாறியில் தேதியையும் எழுதுகிறார்கள். தேதியை எழுதிவைப்பது எங்களுக்கு அதிகம் பிடித்த ஏற்பாடு: 'சீக்கிரம் நீக்குவோம்' என்ற அறிவிப்பை யாரும் பொருட்படுத்துவதில்லை, தேதி போட்டால்தான் அஞ்சல்கள் வரத் தொடங்கும்.

டெபியனில் சார்ந்திருக்கும் ஒவ்வொரு பேக்கேஜுக்கும் ஒரு பிழைப் பதிவு போட வேண்டும். மொத்தமாகப் பதிவதற்கு முன் டெபியன்-டெவல் மடலாடலில் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும். எல்லாப் பதிவுக்கும் ஒரே யூசர்டேக் (பதிவுகளைத் திரட்ட நாமே வைக்கும் குறிச்சொல்) போடுங்கள். பைத்தான் 2-ஐ வெளியேற்றியபோது 'பிஒய்2ரிமூவல்' என்ற டேக் போட்டதால்தான் அவ்வளவு பெரிய கூட்டத்தைக் கணக்குப் பார்க்க முடிந்தது. தொடக்கத்தில் தீவிரத்தைத் தணிவாக வைத்து, எண்ணிக்கை குறைந்த பிறகு 'சீரியஸ்' ஆக்குவார்கள். அப்படி ஆக்கியதும், முக்கியப் பேக்கேஜ்கள் தவிர மற்றவை சரிசெய்யப்படாவிட்டால் அடுத்த வெளியீடு தயாராகும் டெஸ்டிங் கிளையிலிருந்து தானாகவே நீக்கத்துக்கு வரிசையாகும். அவற்றைச் சார்ந்திருப்பவையும் சேர்ந்தே போகும் என்பதை மறந்துவிட்டு அவசரப்பட்டு உயர்த்தினால் சம்பந்தமே இல்லாத ஆட்களிடமிருந்து வசவு வாங்க நேரிடும்.

இல்லாமல் பில்ட் செய்து பார்த்தல்

இந்தக் கட்டத்தில்தான் நேரம் கரையும், கரையட்டும். பட்டியலில் உள்ள ஒவ்வொரு பேக்கேஜையும் இரண்டு முறை பில்ட் செய்யுங்கள்: ஒன்று காம்பட் டெவலோடு, மற்றொன்று இல்லாமல். ஃபெடோராவில் மாக் அல்லது காப்ர், டெபியனில் 'ராட்' என்ற பில்ட் கருவிகள் இதற்கு உதவும். இரண்டு முறை ஏன் என்றால், ஒரு பெரிய ரெப்போவில் எப்போதும் சில பேக்கேஜ்கள் ஏதோ ஒரு காரணத்தால் பில்ட் ஆகாமலே கிடக்கும். முதல் முறையும் விழுந்து இரண்டாம் முறையும் விழுந்தது உங்கள் கணக்கில் வராது. முதலில் ஓடி இரண்டாவதில் விழுந்ததுதான் உங்களுடையது.

பில்ட் விழுந்தால் நல்லது, கண்ணுக்குத் தெரிகிறது. விழாமல் ஏமாற்றுவதுதான் கெட்டது. பழைய கான்ஃபிகர் ஸ்கிரிப்டுகள் லைப்ரரி கிடைக்காவிட்டால் 'இல்லை' என்று ஒரு வரி அச்சடித்துவிட்டு, அந்த வசதியையே கழற்றிப் போட்டு, வெற்றிகரமாக பில்ட் ஆகிவிடும். பச்சை விளக்கு எரியும். பயனருக்கு டிஎல்எஸ் ஆதரவு காணாமல் போயிருக்கும். ஆகவே வெற்றி பெற்ற பில்டுகளிலும் முன்னும் பின்னும் வந்த பைனரிகளை ஒப்பிடுங்கள்: கோப்புப் பட்டியல் குறைந்திருக்கிறதா, 'நீடட்' வரியில் பழைய எஸ்ஓ-நேம் போன இடத்தில் புதியது வந்திருக்கிறதா, அல்லது எதுவுமே வரவில்லையா. ஆர்பிஎம்டிஃப், டெப்டிஃப் இரண்டும் இதற்கே. ஸ்பெக் கோப்பில் 'வித்-ஓப்பன்எஸ்எஸ்எல்' மாதிரி வெளிப்படையான விருப்பத்தைக் கொடுத்துவிட்டால், லைப்ரரி இல்லாதபோது பெரும்பாலான கான்ஃபிகர் ஸ்கிரிப்டுகள் பிழை காட்டி நின்றுவிடும். இந்த ஒரு திருத்தத்தை எல்லா இடத்திலும் செய்துவிட்டுப் பிறகு பில்ட் ஓட்டினால் பாதிச் சந்தேகம் தீரும்.

பில்டும் ஆகி, இணைப்பும் சரியாக இருந்து, ஓடும்போது விழும் வகையும் உண்டு. ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0-ல் எம்டி4, ஆர்சி4, ப்ளோஃபிஷ் போன்ற பழைய அல்காரிதங்கள் லெகஸி ப்ரொவைடர் என்ற தனி மாட்யூலுக்குப் போய்விட்டன. அது இயல்பாக ஏற்றப்படாது. நோட்.ஜேஎஸ் 17 ஓப்பன்எஸ்எஸ்எல் 3-க்கு மாறியபோது, எம்டி4 ஹாஷ் பயன்படுத்திய வெப்பேக் 4 என்ற ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புக் கருவி 'டிஜிட்டல் என்வெலப் ரொட்டீன்ஸ்: அன்சப்போர்ட்டட்' என்று கத்தியது இதனால்தான். கம்பைலர் ஒரு எச்சரிக்கைகூடத் தந்திருக்காது. பேக்கேஜின் சொந்தச் சோதனைத் தொகுப்பு ஸ்பெக் கோப்பில் அணைத்துவைக்கப்பட்டிருந்தால், இந்த வேலைக்காகவாவது அதைத் திறந்துவிடுங்கள். மாறாக 'எஃப்ஐபிஎஸ்_மோட்' போன்ற, 3.0-ல் அடியோடு நீக்கப்பட்ட செயற்கூறுகள் பில்ட் நேரத்திலேயே மாட்டிக்கொள்ளும். அவற்றைப் பற்றிக் கவலை வேண்டாம்.

திருத்தும் வரிசையிலும் கவனம் தேவை. ஒரு நிரல், அது பயன்படுத்தும் ஒரு நடு லைப்ரரி, இரண்டுமே பழைய கிரிப்டோ லைப்ரரியோடு இணைந்திருக்கின்றன என்று வையுங்கள். நடு லைப்ரரியை மட்டும் புதியதற்கு மாற்றினால், ஒரே செயலாக்கத்துக்குள் பழையதும் புதியதும் சேர்ந்து ஏறும். சிம்பல் பதிப்பு இருந்தால் பெயர் மோதல் வராமல் தப்பலாம். ஆனால் பழைய லைப்ரரி உருவாக்கிய ஒரு சுட்டியை நடு லைப்ரரி வழியாகப் புதியதிடம் கொடுத்த நொடியில் செக்மெண்டேஷன் ஃபால்ட். அதுவும் எப்போதாவது ஒருமுறைதான் வரும், பிழைத்திருத்தியில் பார்த்தால் சம்பந்தமில்லாத இடத்தைக் காட்டும். இப்படிக் கோத்துக்கொண்டிருக்கும் பேக்கேஜ்களை ஒரு சைடு டேக்கில் (முதன்மை ரெப்போவிலிருந்து தனித்த பில்ட் இடம்) சேர்த்து பில்ட் செய்து, ஒன்றாகவே ரெப்போவுக்குள் விடுங்கள்.

மாற்ற ஆளில்லாத, மூலத் திட்டமே செத்துப்போன பேக்கேஜ்கள் கடைசியில் நாலைந்து மிஞ்சும். அவற்றுக்காகப் பழைய லைப்ரரியை அந்தப் பேக்கேஜுக்குள்ளேயே பொதிந்து வைக்கலாமே என்ற யோசனை கட்டாயம் வரும். வேண்டாம். ஒரே இடத்தில் கண்ணுக்குத் தெரிந்து கிடந்த ஓட்டை, நாலு இடத்தில் தெரியாமல் கிடக்கும். அவற்றையும் காம்பட் பேக்கேஜோடு சேர்த்தே வழியனுப்புவதுதான் நேர்மையான முடிவு.

நீக்கும் நாள்

ஃபெடோராவில் ராஹைட் என்ற வளர்ச்சிக் கிளையில் நின்றுகொண்டு 'ஃபெட்பிகேஜி ரிடையர்' கட்டளையைக் காரணத்தோடு கொடுக்க வேண்டும். அது கிளையில் உள்ள எல்லாக் கோப்புகளையும் எடுத்துவிட்டு, 'டெட்.பேக்கேஜ்' என்ற ஒரே கோப்பை விட்டுவைக்கும். நீங்கள் கொடுத்த காரணம் அதற்குள் இருக்கும். 'இனி தேவையில்லை' என்று எழுதாமல், மாற்றாக எதைப் பயன்படுத்த வேண்டும் என்று எழுதுங்கள். இரண்டு வருடம் கழித்துத் தேடி வருபவர் முதலில் படிப்பது இந்த ஒரு வரியைத்தான். வெளியாகிவிட்ட நிலையான பதிப்புகளில் ரிடையர் செய்யக்கூடாது. அங்கே அது ஆயுள் முடியும்வரை இருந்தே ஆக வேண்டும், பாதுகாப்புத் திருத்தங்களும் அதுவரை உங்கள் பொறுப்பே. மனம் மாறினால் 8 வாரத்துக்குள் எளிதாக மீட்கலாம். அதைத் தாண்டிவிட்டால் மறுஆய்வு வேண்டும்.

டெபியனில் 'எஃப்டிபி.டெபியன்.ஆர்க்' என்ற போலிப் பேக்கேஜின் பேரில் 'ஆர்எம்' என்று தொடங்கும் பிழைப் பதிவு போட வேண்டும். பராமரிப்பாளரே கேட்கிறார் என்பதற்கு 'ஆர்ஓஎம்' குறி. சார்ந்திருப்பவர் யாராவது மிச்சம் இருந்தால் ஆர்க்கைவ் குழு அதை நகர்த்தாது. புதிய பேக்கேஜ்கள் முதலில் வரும் அன்ஸ்டேபிள் கிளையிலிருந்து போனதும் டெஸ்டிங்கிலிருந்து தானாகப் போய்விடும். ஃப்ரீபிஎஸ்டியில் போர்ட் அடைவை நீக்கி, பிரிவு மேக்ஃபைலில் அதன் வரியை எடுத்து, 'மூவ்ட்' கோப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டும். இந்தக் கடைசி வரியை மறந்தால், நிறுவியிருப்பவர்களின் கருவிகளுக்குப் போர்ட் எங்கே போனது என்றே தெரியாது.

பயனர் கணினியில் மிஞ்சியிருப்பது

ரெப்போவிலிருந்து பேக்கேஜ் போய்விட்டது; ஆனால் நிறுவிய கணினியில் அது அப்படியே இருக்கிறது. யாரும் அதை நீக்கச் சொல்லவில்லையே. சும்மா கிடந்தால் கிடக்கட்டும் என்று விடலாம், ஃபெடோராவின் பொதுவான போக்கும் அதுதான். அது மேம்படுத்தலை மறிக்கும்போதுதான் தலையிட வேண்டும். உதாரணமாக, காம்பட் லைப்ரரி தானே வேறொரு பழைய எஸ்ஓ-நேமைக் கேட்கிறது, புதிய வெளியீட்டில் அந்த எஸ்ஓ-நேம் இல்லை என்றால், டிஎன்எஃப் 'தருவதற்கு யாருமில்லை' என்று சொல்லி மொத்த மேம்படுத்தலையும் நிறுத்திவிடும்.

இதற்கு மருந்து, பழைய பேக்கேஜை நீக்கச் சொல்லும் 'அப்சொலீட்ஸ்' வரி. மாற்றுப் பேக்கேஜ் ஒன்று இருந்தால் அந்த ஸ்பெக் கோப்பில். இல்லாவிட்டால் இதற்காகவே ஃபெடோரா வைத்திருக்கும் 'ஃபெடோரா-அப்சொலீட்-பேக்கேஜஸ்' என்பதில். பார்க்க ஒரே ஒரு வரி. தவறு செய்ய அதில் நான்கு இடம். லிப்ஃபூ5 என்ற பேக்கேஜின் கடைசி பில்ட் 1:5.9-11.எஃப்சி40 என்று வையுங்கள். சரியான வரி இது:

அப்சொலீட்ஸ்: லிப்ஃபூ5 < 1:5.9-12

முன்னால் உள்ள '1:' என்பது எப்பாக், பதிப்பு எண்ணுக்கும் முன்னால் ஒப்பிடப்படும் எண். அதை விட்டுவிட்டால் எப்பாக் 0 என்று பொருள், நிறுவப்பட்டிருப்பதோ 1, ஒப்பீடு பொய்யாகி, வரி இருந்தும் இல்லாத மாதிரி ஆகிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. இரண்டாவது, 12-க்குக் குறைவு என்று எழுதாமல் '<= 1:5.9-11' என்று எழுதுவது. நிறுவப்பட்டது வெறும் 11 அல்ல, 11.எஃப்சி40, அது 11-ஐ விடப் பெரியது, மறுபடியும் ஒப்பீடு பொய். மூன்றாவது, பதிப்பே போடாமல் பெயரை மட்டும் எழுதுவது. நாளைக்கு யாராவது அதே பெயரில் பேக்கேஜை மீட்டுக் கொண்டுவந்தால் உங்கள் வரி அதை நிறுவவே விடாது. நான்காவது, பெயருக்குப் பின்னால் ஆர்க்கிடெக்சர் மேக்ரோ (கணினி வகையைக் குறிக்கும் வால்) ஒட்டுவது. 'அப்சொலீட்ஸ்' பேக்கேஜ் பெயர்களை மட்டுமே பார்க்கும், 'ப்ரொவைட்ஸ்' பட்டியலைப் பார்க்காது. ஆகவே மேக்ரோ ஒட்டிய பெயர் எதோடும் பொருந்தாது. இதே காரணத்தால் டெவல், டூல்ஸ், ஸ்டாட்டிக் என்று துணைப் பேக்கேஜ் எத்தனை இருந்ததோ அத்தனைக்கும் தனித்தனி வரி வேண்டும். 11 என்ற எண்ணை உங்கள் நினைவிலிருந்து எழுதாதீர்கள். மாஸ் ரீபில்ட் (எல்லாப் பேக்கேஜையும் மறுபடி பில்ட் செய்வது) நடந்திருந்தால் எண் தானாக ஏறியிருக்கும். இன்னும் ஆதரவில் உள்ள எல்லாக் கிளைகளிலும் பார்த்து, மிகப் பெரியதற்கு ஒன்று மேலே வையுங்கள்.

வரியை எவ்வளவு நாள் வைத்திருப்பது? ஃபெடோராவில் இரண்டு வெளியீடுகளை ஒரே தாவலில் தாண்டி மேம்படுத்தலாம். ஆகவே இரண்டு வெளியீட்டுக்காவது இருக்க வேண்டும். சோதனையும் அப்படியே: இரண்டு வெளியீடு பழைய மெய்நிகர் கணினியில் காம்பட் பேக்கேஜையும் அதன் எல்லாத் துணைப் பேக்கேஜையும், கூடவே அதைச் சார்ந்த இரண்டு நிரல்களையும் நிறுவிவிட்டு மேம்படுத்திப் பாருங்கள். புத்தம்புது நிறுவலில் சோதிப்பதால் ஒரு பயனும் இல்லை, சிக்கல் இருக்கும் பேக்கேஜே அங்கே இருக்காது. பயனர் தன் பக்கமிருந்து சுத்தம் செய்ய விரும்பினால் 'ரிமூவ்-ரிடையர்ட்-பேக்கேஜஸ்' என்ற கருவி இருக்கிறது.

டெபியனில் 'அப்சொலீட்ஸ்' என்ற ஏற்பாடே இல்லை. பெயர் மாறிய பேக்கேஜ் என்றால், பழைய பெயரில் காலியான இடைநிலைப் பேக்கேஜ் ஒன்றை ஒரு நிலையான வெளியீடு முழுக்க விட்டுவைக்க வேண்டும். அங்கே வெளியீடு தாண்டி மேம்படுத்த வழியில்லாததால் ஒன்று போதும். அதன் பிரிவை 'ஓல்ட்லிப்ஸ்' என்று மாற்ற மறக்காதீர்கள். பயனர் பழைய பெயரைக் கையால் நிறுவியிருந்தால், இந்தப் பிரிவைப் பார்த்துத்தான் ஆப்ட் 'கையால் நிறுவியது' என்ற குறியை அதன் சார்புக்கு மாற்றிக் கொடுக்கும். பிறகு 'ஆட்டோரிமூவ்' பழையதை அள்ளிப்போகும். மாற்றே இல்லாத பழைய லைப்ரரிக்கு இடைநிலைப் பேக்கேஜ் தேவையில்லை. ரெப்போவில் இல்லாமல் கணினியில் மட்டும் மிஞ்சியிருப்பவற்றை 'ஆப்ட் லிஸ்ட்' கட்டளைக்கு '~ஓ' வடிவத்தைக் கொடுத்துப் பார்க்கலாம்.

வெளியிலிருந்து வந்த பைனரிகள்

ரெப்போவுக்கு வெளியே வாங்கிய மூடிய நிரல்கள் உங்கள் எந்தப் பட்டியலிலும் வராது. பேக்கேஜ் போன மறுநாள் முதலில் சத்தம் போடுவதும் அவைதான். முனையத் திரையைக் கையாளும் லிப்டின்ஃபோ 5 போனபோது இணையம் முழுக்கப் பரவிய 'தீர்வு' 6-ஆம் பதிப்புக் கோப்புக்கு 5 என்ற பெயரில் ஒரு சிம்லிங்க் போடுவது. எஸ்ஓ-நேம் மாறியதே ஏபிஐ (ABI, பைனரிகளுக்கு இடையிலான ஒப்பந்தம்) ஒத்துப்போகாததால்தான். சிம்லிங்க் அந்த எச்சரிக்கையை மறைக்கிறது, அவ்வளவே. சில நிரல் தொடங்கும்போதே சிம்பல் பதிப்பு காணோம் என்று நிற்கும், சில ஓடுகிற மாதிரி ஓடித் திரையைக் குழப்பும். அந்த இணைப்பு எந்தப் பேக்கேஜுக்கும் சொந்தமில்லாததால் வருடக்கணக்கில் அங்கேயே கிடக்கும். இப்படிப்பட்ட நிரலுக்குப் பழைய வெளியீட்டைத் தனித்த சூழலில் ஓட்டும் பாட்மேன் கண்டெய்னரோ டூல்பாக்ஸோ போதும். வெளியீட்டுக் குறிப்பில் எஸ்ஓ-நேமை எழுத்துப் பிசகாமல் எழுதி, கண்டெய்னர் வழியையும் அதன் கீழேயே எழுதிவிடுங்கள். பிழைச் செய்தியில் வருவது எஸ்ஓ-நேம் மட்டும்தான், பேக்கேஜ் பெயரைப் போட்டு யாரும் தேடுவதில்லை.